வண்ணம் கொடுங்கள், படத்தைப் பிள்ளைகள் போடட்டும்

(ஒரகடம் வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு அலுவலர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளிக்கு வருகிற நன்கொடை. இன்னொன்று, தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் ஓவியமும் கைவேலையும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். என் கணக்கில் இரண்டும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. தேர்ந்தெடுக்கிறவர் யார்? பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வது கொடுக்கிறவரா, பள்ளியா? தாளில் என்ன வரைவது என்று முடிவு செய்வது ஆசிரியரா, பிள்ளையா? இந்த இரண்டு கேள்விக்கும் இன்று நம் பள்ளிகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கொடுக்கிறவர் முடிவு செய்கிறார், வாங்கிக்கொள்கிறவர் நன்றி சொல்கிறார். இதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஏரியும் வயலும் கிராமங்களும்தான். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் நிறைந்தது. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போகிறது.

இத்தனைக்கும் நடுவில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் மாறியிருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம்மூர்ப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி. அப்படி வரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கைக்கு வருவதற்கு முன்பே கோடும் வண்ணமும் கைக்கு வந்துவிடும். ஓவிய வகுப்பு வேறெங்கு இருக்கிறதோ இல்லையோ, இந்த வட்டாரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

சட்டம் சொல்லும் கொடை

நிறுவனங்களின் கொடை இன்று வெறும் மனமிருந்தால் கொடுக்கும் கொடை இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. தொழிற்சாலை இருக்கும் இடத்துக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செலவிடக்கூடிய இனங்களின் பட்டியலில் கல்வியும் இருக்கிறது, கலையும் இருக்கிறது.

ஆக, பணம் இருக்கிறது. சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பள்ளிக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவாகாத தொகையை முடிப்பதற்காக ஜனவரி தொடங்கி வேகம் பிடிக்கிறது. பள்ளியில் அப்போது ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு வண்டி நிறையப் பைகளும், பெஞ்சுகளும், சுவருக்கு அடிக்கப் பெயின்டும் வருகின்றன. பந்தல், பேனர், பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் வரும் படத்தில் பையைக் கொடுப்பவரின் முகம் தெரிகிறது. வாங்கும் பிள்ளையின் முதுகு தெரிகிறது.

நான் யாரையும் பழிக்கவில்லை. கழிப்பறை, குடிநீர், கூரை, சுற்றுச்சுவர் இவையெல்லாம் வந்ததால் பலனடைந்த பள்ளிகள் இங்கே நிறைய. அந்த உதவிக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். என் கேள்வி அந்த வண்ணச் சுவரைப் பற்றியது. ரயில் பெட்டி போல வகுப்பறை, தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் பொம்மைகள், ஆங்கில எழுத்து வரிசை, நடுவில் கொடுத்தவரின் சின்னம். ஊர் ஊராக அதே படங்கள். வரைந்தவர் வெளியிலிருந்து வந்த பெயின்டர். அந்தச் சுவரில் அந்தப் பள்ளிப் பிள்ளை போட்ட ஒரு கோடு உண்டா? பள்ளியில் ஓவியத்துக்கென்று செலவான பெருந்தொகை முழுவதும் சுவருக்குப் போய்விட்டது. பிள்ளையின் கையில் இருப்பது பாதி தேய்ந்த கிரேயான் மட்டும்.

கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். அந்தப் பணத்தில் பாத்திரம் வாங்கு, பீரோ வாங்கு என்று மொய் எழுதியவர் சொல்வதில்லை. குடும்பம் நடத்தப் போகிறவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். பள்ளிக்குக் கொடுக்கும்போது மட்டும் அந்த நம்பிக்கை நமக்கு ஏன் வருவதில்லை?

முன்பு இங்கே நடந்தது

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர், அதாவது நம் மாவட்டத்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் ஊராரின் கொடையை நம்பித்தான் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஸ்ரீபெரும்புதூரும் சேர்ந்திருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய இயக்கம் அது.

அந்த மாநாடுகளின் முறையைக் கவனியுங்கள். மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் ஊர்க்காரரும் உட்கார்ந்து தங்கள் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போடுவார்கள். மணி, கடிகாரம், கரும்பலகை, தண்ணீர்ப் பானை, நாற்காலி, கட்டடம் என்று சிறியதும் பெரியதும் அதில் இருக்கும். பட்டியலைப் பார்த்து, அவரவர் சக்திக்கு ஏற்றதை ஒருவர் ஏற்றுக்கொள்வார். பணக்காரர் வகுப்பறை கட்டினார், பணமில்லாதவர் பானை வாங்கிக் கொடுத்தார், அதுவும் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புக்கு வந்தது. அன்று தேவையைச் சொன்னது பள்ளி. எதை ஏற்பது என்று மட்டுமே கொடுத்தவர் தேர்ந்தெடுத்தார்.

2022 டிசம்பர் 19இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைமையில் அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது, சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் தூதுவரானார். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் எந்த அரசுப் பள்ளிக்கும் உதவலாம். 2024இல் மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில், வங்கியில் பணிபுரியும் ஓர் அம்மா தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். இறந்துபோன மகளின் பெயரைப் பள்ளிக்கு வையுங்கள் என்று மட்டும் கேட்டார். கொடுக்கும் மனம் நம் மக்களிடம் குறைந்துவிடவில்லை. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதில்தான் நமக்குப் பழைய பயிற்சி விட்டுப்போயிருக்கிறது.

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

இப்போது வகுப்பறைக்குள் வருவோம். எந்தத் தொடக்கப் பள்ளியிலும் ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, 'ஏதாவது வரை' என்று சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. கன்னியாகுமரியிலும் இதே படம், கும்மிடிப்பூண்டியிலும் இதே படம். ஒரகடத்துப் பிள்ளை தினமும் பார்ப்பது கன்டெய்னர் லாரி, ஷிப்ட் பஸ், அடையாள அட்டை தொங்கும் கழுத்தோடு நடந்து போகும் அக்காமார்கள், ஏரிக்கரை ஓரம் எழும்பும் கம்பெனிக் கொட்டகை. அதில் ஒன்றுகூட அந்தப் படத்தில் வராது. வரையத் தெரியாததால் வரவில்லையா? இல்லை. அதையெல்லாம் வரையலாம் என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொன்னதில்லை. மலையும் சூரியனும் வரைந்தால்தான் 'வெரி குட்' கிடைக்கும்.

இந்தப் பழக்கத்தை உடைக்க உலகில் பலர் முயன்றிருக்கிறார்கள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897இல் பிள்ளைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கி, பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரையச் சொல்வதை நிறுத்தினார். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944இல் காந்தியின் சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் கண்டதைத் தங்கள் கையால் சொல்ல வேண்டும் என்று அங்கே பல ஆண்டுகள் பாடுபட்டார். கல்விக்கு அடித்தளமே கலைதான் என்று பின்னாளில் நூலும் எழுதினார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேத்தரின் டக்ளஸ் என்ற தொடக்கப் பள்ளி ஓவிய ஆசிரியை 1970களில் வேறொரு வழியைக் கண்டார். எல்லாரும் ஒரே படத்தை வரையும் வகுப்பை விட்டுவிட்டு, அறையைச் சிறு சிறு மூலைகளாகப் பிரித்தார். வரைவதற்கு ஒரு மூலை, வண்ணத்துக்கு ஒன்று, வெட்டி ஒட்டுவதற்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று, அட்டையும் கட்டையும் வைத்துக் கட்டுவதற்கு ஒன்று. எந்த மூலைக்குப் போவது, என்ன செய்வது என்று பிள்ளையே முடிவு செய்யும். பிள்ளைதான் ஓவியர், வகுப்பறை அதன் பட்டறை என்பது அந்த வகுப்பின் கொள்கை. இதே வழியில் போன ஆசிரியர்கள் 2001இல் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். தேர்வுவழிக் கலைக் கல்வி என்று நாம் சொல்வது இதைத்தான்.

'பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுவிடுவதா?' என்று கேட்பீர்கள். அப்படியில்லை. இந்த வகுப்புக்கு ஒழுங்கு உண்டு. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஆசிரியர் ஒரு விஷயத்தைச் செய்து காட்டுவார். தூரிகையைக் கழுவும் முறையாக இருக்கலாம், இரண்டு வண்ணம் கலப்பதாக இருக்கலாம். பிறகு பிள்ளைகள் வேலையில் இறங்குவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவரவர் மூலையை அவரவர் துடைத்து, பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, ஓரிருவர் எழுந்து தாங்கள் செய்ததைப் பற்றிப் பேசுவார்கள். எல்லா மூலைகளையும் முதல் நாளே திறப்பதும் கிடையாது. வரையும் மூலையை முதலில் திறந்து, அதைப் பிள்ளைகள் பொறுப்பாகப் பயன்படுத்தப் பழகியபின் அடுத்ததைத் திறக்க வேண்டும். வண்ணமும் களிமண்ணும் கடைசியில் வரட்டும்.

இது நமக்கு அந்நியச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலம் முழுவதும் வந்தது. அந்த வகுப்பில் பிள்ளையே எழுந்து போய்த் தன் அட்டையை எடுத்து வந்தது. கற்றல் ஏணிப்படியில் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரிந்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பாட்டும் கதையும் கைவேலையும் பாடத்துக்குள்ளேயே நுழைந்தன. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் பலர் இவற்றை நடத்தியவர்கள். பிள்ளை எழுந்து நடந்தால் வகுப்பு குலைந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு எப்போதோ போயிருக்கும்.

ஓவிய ஆசிரியர் எங்கே?

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியரே இல்லையே? உண்மைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் உயர்தொடக்க நிலைக்குத்தான், அதாவது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான், பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்கிறது. தமிழகத்தில் 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பு ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டபோதும், ஓவியம், உடற்கல்வி, தையல், இசை எல்லாம் சேர்ந்த அந்த எண்ணிக்கை மேல்வகுப்புகளுக்கே போனது. தொகுப்பூதியம் பின்னர் உயர்ந்தாலும், பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, கை மிகச் சுதந்திரமாக ஓடும் பருவத்தில், பிள்ளைக்குக் கலை ஆசிரியர் கிடையாது. இது அரசு நிரப்ப வேண்டிய குறை. எந்தக் கம்பெனியின் கொடையும் அரசின் கடமைக்கு மாற்றாகிவிட முடியாது. அந்தக் கோரிக்கையை நாம் கைவிடவும் கூடாது.

ஆனால் ஆசிரியர் வரும்வரை தாளை மூடி வைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே படத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குத்தான் அழகாக வரையத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். தேர்வுவழி வகுப்புக்கு வேண்டியவர், பொருளை ஒழுங்காக எடுத்து வைத்து, பிள்ளை செய்வதைக் கவனித்து, 'இது என்ன, சொல்லு' என்று கேட்கத் தெரிந்தவர். அது நம் இடைநிலை ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். வாரத்தில் ஒரு பிற்பகல் போதும்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா பிள்ளைகளின் திறமையை மேடையேற்றியது, பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் போட்டியில் கலந்துகொள்வது சிலர், பரிசு வாங்குவது ஒருவர். மீதிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். வாராந்தர வகுப்பில் கைதட்ட ஆளே மிஞ்சக் கூடாது. எல்லார் கையிலும் ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும்.

எஞ்சிய பொருளுக்கு ஒரு கிடங்கு

இப்போது தொழிற்சாலை நண்பர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அதற்கு முன் ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இத்தாலியின் வடக்கே ரெஜியோ எமிலியா என்று ஒரு நகரம். 1945இல் போர் முடிந்த சில நாட்களில், அதன் பக்கத்துச் சிற்றூரான வில்லா செல்லா மக்கள் ஜெர்மன் படை விட்டுப்போன பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலாகுட்ஸி பின்னாளில், உலகம் இன்று தேடிப்போய்ப் படிக்கும் ஒரு கல்வி முறையை உருவாக்கினார். அந்தப் பள்ளிகளில் கலைப் பட்டறை ஒன்று கட்டாயம் இருக்கும். 1996இல் அதே நகரத்தில் 'ரெமிதா' என்று ஒரு மையம் தொடங்கினார்கள். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் மிஞ்சும் காகிதம், அட்டை, துணி, கயிறு, மரத்துண்டு போன்றவற்றைச் சேகரித்து, தரம் பிரித்து, அலமாரிகளில் அழகாக அடுக்கி வைப்பார்கள். ஆசிரியர்கள் வந்து வேண்டியதை எடுத்துப் போவார்கள். நியூயார்க்கில் 1978 முதலே மாநகராட்சி இப்படி ஒரு கிடங்கை நடத்துகிறது.

இப்படி ஒரு கிடங்கு ஒரகடத்தில் ஏன் வரக் கூடாது? ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தினமும் நெளி அட்டைப்பெட்டி, தக்கைத் தாள், இருக்கைத் துணியின் வெட்டு, நூலும் டேப்பும் சுற்றிவந்த குழல், பயன்படுத்தாத லேபிள் தாள், மரப் பேலட் என்று எவ்வளவோ மிஞ்சுகிறது. பழைய பொருள் வியாபாரிக்குப் போவதில் ஒரு சிறு பங்கு பிள்ளைகளுக்கு வந்தால் போதும்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். எண்ணெய் பட்டது, ரசாயனம் தொட்டது, கூர்மையான தகடு, கண்ணாடி, மின்னணுக் கழிவு எதுவும் பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது. பேலட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கு இதைப் பிரித்துக் கொடுப்பது கால்மணி நேர வேலை.

இதோடு நம் ஊர்ப் பொருட்களும் சேரட்டும். ஏரிக் களிமண், செம்மண், அடுப்புக்கரி, பனையோலை, கோலமாவு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகும் என்பது ஆலம் கரைக்கும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த ரசாயனம். அதை ஆசிரியர் செய்து காட்டினால், வண்ணம் கடையிலிருந்து மட்டும் வருவதில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பணமாகக் கொடுப்பவர்கள் ஒரே மார்ச்சில் கொட்டிவிட்டுப் போகாமல் மூன்றாண்டுத் திட்டமாகக் கொடுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு, தொடர் திட்டத்தில் செலவாகாத தொகையைத் தனிக்கணக்கில் வைத்து மூன்று நிதியாண்டுக்குள் செலவிடச் சட்டமே இடம் தருகிறது. தொழிற்சாலைகள் வரும், போகும். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதை இந்த வட்டாரம் பார்த்தது. அதனால் நிறுவனம் விலகினாலும் பள்ளி தானே நடத்திக்கொள்ளக்கூடிய விதத்தில் உதவி அமைய வேண்டும். விலையுயர்ந்த திரையைவிடத் தாளும் களிமண்ணும் பழகிய ஆசிரியரும் நீண்ட நாள் நிற்கும்.

பட்டியலும் செய்தியும்

மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, உங்கள் கையில் சட்டம் தந்த அதிகாரம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது நீங்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டியதும் நீங்கள். அந்தத் திட்டத்தில் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் அடுத்து ஒரு வரி சேருங்கள்: கலை மூலைக்கு வேண்டிய பொருட்கள். கூட்டத்துக்கு முன் பிள்ளைகளையும் கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தனக்கு எது வேண்டும் என்று பெரியவர்களைவிடத் தெளிவாகச் சொல்லும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. பள்ளிக்கு என்ன வேண்டும், யார் என்ன கொடுத்தார்கள், அது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அங்கே படியுங்கள். பள்ளிச் செய்தி என்றால் அதுதான் முதல் செய்தி. இரண்டாவது செய்தி பிள்ளைகள் செய்தது. நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு 'ஊஞ்சல்' இதழை வெளியிடுகிறது, அதற்கு உங்கள் பிள்ளைகளின் படங்களை அனுப்புங்கள். பள்ளி வாசலில் ஒரு சுவர்ப் பத்திரிகை வையுங்கள். மாதத்துக்கு ஒரு தாள். நன்கொடை தந்தவரின் பெயர் அதில் ஒரு வரியில் வரட்டும். மீதி இடம் பிள்ளைகளுக்கு.

பிள்ளைகள் எப்போதும் வாங்கிக்கொள்பவர்களாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு நம்மில் பலர் பள்ளியில் காசு கொடுத்துக் கொடி குத்திக்கொண்டவர்கள்தான். ஆனால் அதில் பிள்ளையின் கைவேலை எதுவும் இல்லை, அப்பா கொடுத்த காசை மாற்றிக் கொடுத்ததுதான். அமெரிக்காவின் மிச்சிகனில் 1990இல் ஜான் ஹார்ட்டம் என்ற கலை ஆசிரியர் தன் மாணவர்களை மண்கிண்ணம் செய்ய வைத்தார். அந்தக் கிண்ணத்தில் சூப் ஊற்றி விருந்தினருக்குக் கொடுத்து, வந்த பணத்தைப் பசித்தவர்களுக்கு உணவு தரும் அமைப்புக்கு அனுப்பினார்கள். கிண்ணத்தை விருந்தினர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நம் பிள்ளைகளும் பொங்கலுக்கு முன் வாழ்த்து அட்டையோ அகல்விளக்கோ செய்து ஆண்டுவிழாவில் வைக்கலாம். வரும் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். தெருநாய்க்கா, பக்கத்துக் கிராமத்து அங்கன்வாடிக்கா, வெள்ளம் வந்த ஊருக்கா என்று அவர்கள் வாதாடும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடான குடிமைப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

முடிவாக

நாம் நிற்பது இராமானுசர் பிறந்த வட்டாரம். எல்லாருக்கும் கிடைக்க வேண்டிய மந்திரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளாமல் கோபுரமேறிச் சொல்லிவிட்டவர் என்று தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வருகிறோம். கொடுத்தபின் சாவியையும் விட்டுவிட வேண்டும் என்பதே அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஆகவே மூன்று தரப்பாருக்கும் மூன்று வேண்டுகோள். நிறுவனத்தாருக்கு: அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது பொருளோடு வராதீர்கள், முதலில் பள்ளியின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போங்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதாக இருந்தால் பிள்ளையின் உயரத்துக்கு நாலடியை வெறுமையாக விட்டு, தூரிகையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு: வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மூலை, ஒரு பெட்டிப் பொருள். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள், மற்ற மூலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு: இன்று மாலை பிள்ளை ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், 'நல்லா இருக்கு' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். 'இதை ஏன் வரையணும்னு நினைச்சே?' என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள்.